“டி டிரைவ்லதானே கெடக்கு”

எங்கள் ஊர்ப் பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற யாரிடம் பேசினாலும் இந்த ஒரு வார்த்தை வந்துவிடும். “முக்கியமானதெல்லாம் டி டிரைவ்லதானே கெடக்கு, அதுக்கு ஒண்ணும் ஆவாது.” இது நாங்களாகக் கண்டுபிடித்ததில்லை. வைரஸ் வந்தாலும் சரி, மெஷின் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் சரி, வடசேரிக்கோ தக்கலைக்கோ தூக்கிக்கொண்டு போனால் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வியே “சி-ல ஏதாவது வச்சிருக்கியளா?” என்பதுதான். இல்லை என்று சொன்னால் சி-யை மட்டும் ஃபார்மேட் அடித்து, புதிதாக விண்டோஸ் போட்டு, சாயங்காலமே கையில் தந்துவிடுவார். வீட்டுக்கு வந்து பார்த்தால் டி-யில் கல்யாண வீடியோ, ஆதார் ஸ்கேன், பாட்டு எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். பத்துப் பதினைந்து வருஷத்தில் நாலைந்து தடவை இப்படி நடந்தால், டி டிரைவ் என்பது ஏதோ பேங்க் லாக்கர் மாதிரி மனதில் பதிந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையோடுதான் 2019 டிசம்பரில் நான் உபுண்டு என்கிற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட உட்கார்ந்தேன்.

டி-யில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வில்லுப்பாட்டுப் பைத்தியம். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் எந்த ஊர்க் கோயிலில் கொடைவிழா என்று விசாரித்து, டேப் ரெக்கார்டரைத் துணியில் பொதிந்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவார். இசக்கியம்மன் கோயில், சுடலைமாடன் கோயில் என்று அகஸ்தீசுவரம் பக்கம் அவர் போகாத கொடை குறைவு. புலவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் அங்கே, இல்லையென்றால் ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பதிந்து வந்தவை மொத்தம் 43 கேசட். 2014-இல் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கினேன். ஒரு பக்கத்துக்கு ஒன்று, 86 ஃபைல். 45 நிமிஷப் பக்கம் ஒன்று 40 எம்பிக்குக் கொஞ்சம் மேலே வரும். அவ்வளவுதான் அளவு. ஒரு பென்டிரைவில் அடங்குகிற சமாச்சாரம். அதைச் செய்யவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

அப்புறம் 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது. எங்கள் வீட்டில் மச்சு மேல் இருந்த ஓடுகள் பாதி பறந்தன, பல நாள் கரண்ட் இல்லை, மச்சில் இருந்த கேசட் பெட்டிக்குள் தண்ணீர் போனதையே நாங்கள் ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தோம். நாடாவெல்லாம் பூசணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. அப்பா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, “போட்டும், கம்ப்யூட்டர்ல இருக்குல்லா” என்றார். ஆமா, டி டிரைவில் இருந்தது.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிகிறது என்று செய்தி வந்துகொண்டிருந்த சமயம். பழைய டெஸ்க்டாப், 500 ஜிபி ஹார்ட்டிஸ்க். புது விண்டோஸ் தாங்காது. சரி, உபுண்டு 18.04 போடுவோம், விண்டோஸும் ஒரு ஓரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பென்டிரைவ் தயார் செய்து பூட் ஆக்கினேன். படித்த எல்லா இடத்திலும், இன்ஸ்டால் செய்யும்போது ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு’ என்று ஓர் ஆப்ஷன் வரும், அதைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் எழுதியிருந்தது. எனக்கு அது வரவே இல்லை. ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்று ஒன்று, ‘வேறு ஏதாவது’ என்று ஒன்று, அவ்வளவுதான் இருந்தது.

ஏன் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய முறையில், அதாவது எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கில் நாலு பிரைமரி பார்டிஷனுக்கு, அதாவது நாலு முதன்மைப் பாகத்துக்கு மேல் வைக்க முடியாது. விண்டோஸ் 7 போடும்போது அதுவே தனக்கென்று 100 எம்பிக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் சி, டி, இ என்று மூன்றையும் விண்டோஸ் செட்டப்பிலேயே பிரித்துத் தந்திருந்தார். ஆக நாலும் நிரம்பிவிட்டது. லினக்ஸுக்கு ஐந்தாவது பார்டிஷன் போட வழியில்லாததால் இன்ஸ்டாலர் அந்த ஆப்ஷனையே காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எதிர்பார்த்த வரி திரையில் இல்லை என்றால் மெஷினை அணைத்துவிட்டுக் காரணம் தேடியிருக்க வேண்டும். நான் தேடவில்லை.

‘அழித்துவிட்டு நிறுவு’ என்பதன் கீழே எச்சரிக்கை இருந்தது. எல்லா இயங்குதளங்களிலும் உள்ள உங்கள் புரோகிராம், ஆவணம், போட்டோ, பாட்டு எல்லாம் அழியும் என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே இருந்தது. நான் படித்தேன். படிக்காமல் அமுக்கிவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் ‘இயங்குதளம்’ என்றால் என் மண்டையில் சி டிரைவ். விண்டோஸ் போனால் போகட்டும், டி-யைத் தொடாது என்று நானே பொருள் சொல்லிக்கொண்டேன். மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, ‘கம்ப்யூட்டர் தமிழ் நமக்குப் புரியாது’ என்று ஆங்கிலத்தை எடுத்திருந்தேன். இங்கிலீஷ் மட்டும் என்னத்தைப் புரிந்தது.

அதற்கடுத்து வந்த சின்னப் பெட்டிதான் இந்தக் கதையின் முக்கியமான இடம். மாற்றங்களை டிஸ்க்கில் எழுதலாமா என்று கேட்டது. எந்த டிஸ்க்கின் பார்டிஷன் அட்டவணை மாறப்போகிறது என்று மேலே ஒரு வரி. கீழே, எஸ்டிஏ-வின் (என் டிஸ்க்குக்கு லினக்ஸ் வைத்த பெயர்) பார்டிஷன் எண் 1 மட்டும் இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் முறையில் ஃபார்மேட் ஆகும் என்று ஒரு வரி. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. ஒன்றாம் நம்பர் மட்டும்தானே, அது சி-யாகத்தான் இருக்கும், இரண்டும் மூன்றும் தப்பித்தது! உண்மையில் அந்த ‘ஒன்று’ பழைய ஒன்று இல்லை. பழைய நாலையும் அழித்துவிட்டு 500 ஜிபி முழுவதையும் ஒரே பார்டிஷனாக ஆக்கிய பிறகு வரப்போகிற புது ‘ஒன்று’. ஒன்றுதான் ஃபார்மேட் ஆகும் என்பது சரிதான், வேறு எதுவுமே மிச்சம் இருக்காது என்பதால். மேல் வரியை ஒழுங்காகப் படித்திருந்தால் போதும். ‘கன்டின்யூ’வை அமுக்கினேன்.

இருபது நிமிஷத்தில் உபுண்டு வந்துவிட்டது. அழகாக இருந்தது, வேகமாக இருந்தது. அப்டேட் கேட்டது, சரி என்றேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போது டீ குடித்தேன். அரைமணி நேரம் கழித்துத்தான் ஃபைல்ஸைத் திறந்து டி-யைத் தேடினேன். இடதுபக்கம் எதுவும் இல்லை. டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்தேன். நீளமாக ஒரே ஒரு பட்டை, 500 ஜிபி. கை நடுங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது.

சித்தப்பா மகன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான், அவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. போன் போட்டேன். விஷயத்தைப் பாதி சொன்னதுமே, “அண்ணே, மொதல்ல சுவிச்ச ஆஃப் பண்ணுங்க. ஷட்டவுனெல்லாம் வேண்டாம், சுவத்துல இருக்க சுவிச்ச அணைங்க” என்றான். அணைத்தேன். “நான் சனிக்கிழமை வாறேன். அதுவரை அத ஓண் பண்ணாதிய.”

ஏன் அவ்வளவு அவசரம் என்று அவன் வந்தபோது விளக்கினான். டேட்டா எப்படிப் போகிறது, எது மிஞ்சுகிறது என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். ஃபார்மேட் ஆனதும் பழைய டேட்டா எல்லாம் அழிந்துவிடுவதில்லை. சுழலும் ஹார்ட்டிஸ்க்கில் முதலில் மாறுவது அட்டவணை மட்டும்தான். நூலகத்தின் கேட்டலாக்கை எரித்துவிட்டாலும் புத்தகங்கள் அலமாரியில் கிடப்பது மாதிரி. ஆனால் நாம் சும்மா இருந்தாலும் மெஷின் சும்மா இருப்பதில்லை. இஎக்ஸ்டி4 பார்டிஷனை முதன்முதலாக மவுண்ட் செய்ததும், அதாவது பயன்படுத்தத் திறந்ததும், பின்னணியில் ஒரு வேலை ஓடும். ஃபைல்களின் விவரத்தைக் குறித்து வைக்கிற தன் ஐநோடு அட்டவணைக்காக ஒதுக்கிய இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய் பூஜ்யம் எழுதித் துடைக்கும். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு 2 ஜிபிக்கும் சுமார் 32 எம்பி. நூற்றில் இரண்டு பங்குகூட இல்லைதான். ஆனால் அது டிஸ்க்கின் தலை முதல் கால் வரை பரவிக் கிடக்கிற இரண்டு பங்கு. நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அது வரிசையாகத் துடைத்துக்கொண்டே போயிருக்கிறது, அப்டேட் எழுதினது வேறு.

அவன் செய்த முதல் காரியம், என் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேபிளில் மாட்டி, புதிதாக வாங்கிய 1 டிபி டிஸ்க்கில் அப்படியே முழு நகல் எடுத்தது. டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி. ராத்திரி முழுக்க ஓடியது. மீட்பு வேலை எதையும் அசலில் செய்யக் கூடாது, நகலில்தான் செய்ய வேண்டும், தப்பாகப் போனால் இன்னொரு நகல் எடுக்கலாம். ஆத்திரத்தில் ஏதோ ரெக்கவரி சாஃப்ட்வேரை இறக்கி அதே டிஸ்க்கிலேயே இன்ஸ்டால் செய்து, மீட்டதையும் அதே டிஸ்க்கிலேயே சேமிக்கிறவர்களைப் பிறகு நிறையப் பார்த்தேன். எரிகிற வீட்டில் ஜன்னலைத் திறந்துவிடுகிற மாதிரி அது.

நகலில் டெஸ்ட்டிஸ்க் ஓட்டினான். பழைய பார்டிஷன்களின் தடயத்தைத் தேடிப் பிடிக்கிற இலவசக் கருவி. ஆழமாகத் தேடச் சொன்னதும் பழைய டி-யும் இ-யும் பட்டியலில் வந்து நின்றன. இ-யைத் திறந்தால் ஃபோல்டர், பெயர், தேதி எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. இ-யில் என்ன இருந்தது தெரியுமா? கேம்ஸ், பழைய சாஃப்ட்வேர் செட்டப், இரண்டு சினிமா. அதெல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தது. டி-யைத் திறந்தால், ஃபைல் சிஸ்டம் சேதமாகியிருக்கிறது, திறக்க முடியவில்லை என்றது. என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறையில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கிற எம்எஃப்டி என்ற அட்டவணை, துடைக்கப்பட்ட அந்த இரண்டு பங்குக்குள் மாட்டியிருக்க வேண்டும் என்றான்.

மிஞ்சியது ஃபோட்டோரெக். அது அட்டவணையை நம்பாது. டிஸ்க்கை நேராக வாசித்துக்கொண்டே போய், இது எம்பி3 தொடங்குகிற மாதிரி இருக்கிறது, இது ஜேபெக் மாதிரி இருக்கிறது என்று அடையாளம் பார்த்து வெட்டி எடுக்கும். பெயர் இருக்காது, ஃபோல்டர் இருக்காது. எஃப் என்ற எழுத்து, பின்னால் நீளமாக ஓர் எண், அவ்வளவுதான் பெயர். ஒரு ஃபோல்டருக்கு 500 என்று எடுத்து அடுக்கியது. பாட்டு, வாட்ஸ்அப் ஆடியோ, விண்டோஸின் டிங் சத்தம் எல்லாம் கலந்து ஆயிரக்கணக்கில். அளவை வைத்து வடிகட்டிப் பெரிய எம்பி3-க்களை மட்டும் பிரித்தோம். 71 முழுசாக இருந்தது. 6 பாதியில் அறுந்திருந்தது. டிஸ்க்கில் ஒரே தொடராக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடந்த ஃபைல்களை ஃபோட்டோரெக்கால் ஒட்டவைக்க முடிவதில்லை. 9 வரவே இல்லை.

பெயரில்லாத 77 ஃபைலில் எது எந்த ஊர்க் கொடை என்று யாருக்குத் தெரியும்? அப்பாவுக்குத்தான். ஹெட்போன் பிடிக்காது என்பதால் திண்ணையில் ஸ்பீக்கர் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். குடம் தட்டுகிற தினுசை வைத்தே சொல்லுவார். “இது அந்த வருசம் மழ வந்து பாதில நிறுத்துனாவல்லா, அது.” கொஞ்சம் ஓடவிட்டால் உண்மையிலேயே மழைச் சத்தம் கேட்கும், மைக்கை மூடச் சொல்லி யாரோ கத்துவார். அவருக்கும் பிடிபடாதபோது சித்தப்பா மகன் சொன்ன ஒரு விஷயம் கைகொடுத்தது. ஃபைல் பெயரில் இருக்கிற எண் வெறும் எண் இல்லை, டிஸ்க்கில் அந்த ஃபைல் எந்த செக்டாரில், அதாவது எந்தச் சின்னக் கட்டத்தில் தொடங்கியது என்பதன் எண். நான் காலி டிரைவில் கேசட் வரிசைப்படி சேமித்ததால் எண் வரிசையில் அடுக்கினால் ஏறக்குறைய கேசட் வரிசை வந்துவிட்டது. ஒன்றின் ஏ பக்கம் தெரிந்தால் அடுத்தது பெரும்பாலும் பி பக்கம். இரண்டு மாசம் ஆனது.

இது சுழலும் டிஸ்க்காக இருந்ததால் நடந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதுகிற எஸ்எஸ்டியாக இருந்தால் இந்தக் கதை இருபது நிமிஷத்தில் முடிந்திருக்கும். இஎக்ஸ்டி4 ஃபார்மேட் செய்யும்போதே அந்த இடம் முழுவதும் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், டிரிம் என்பார்கள். எஸ்எஸ்டியும் சொன்ன பேச்சைக் கேட்டு அங்கே பூஜ்யத்தைக் காட்ட ஆரம்பித்துவிடும். அதன் பிறகு எந்தக் கடையில் கொடுத்தாலும் சும்மா காசுதான் செலவு.

இப்போது 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-இன் ஆதரவும் முடிந்துவிட்டதால், என் கதை தெரிந்த சொந்தக்காரர்கள் லினக்ஸ் போட வேண்டுமென்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அடிபட்டவனுக்கு ஒரு மரியாதை. போன மாசம் அக்கா மகள் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள், இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். “மாமா, விண்டோஸ் பக்கத்துல உபுண்டு போட்டுத் தாங்க, காலேஜ் லேப்புக்கு வேணும்.” நான் முதலில் பார்த்தது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற விண்டோஸ் வசதி. புது லேப்டாப்புகளில் நாம் கேட்காமலே டிஸ்க் பூட்டியிருக்கும். பயாஸில், அதாவது விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே வருகிற செட்டிங்கில், செக்யூர் பூட்டையோ பூட் வரிசையையோ மாற்றினால், அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்க வாய்ப்புண்டு. சாவி எங்கே இருக்கும்? லேப்டாப்பை முதன்முதலில் தொடங்கும்போது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில். அந்தக் கணக்கு யாருடையது என்று கேட்டேன். “கடையில அண்ணன் ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டுத் தந்தாவ மாமா.” அது யாருடைய ஐடி, பாஸ்வேர்டு என்ன, ஒன்றும் தெரியாது. அன்றைக்கு லினக்ஸ் பேச்சையே எடுக்கவில்லை. விண்டோஸ் திறந்து இருக்கும்போதே சாவியை பிரிண்ட் எடுத்தோம், அவள் பெயரில் புதுக் கணக்கு தொடங்கினோம், அப்புறம் பிட்லாக்கரையே அணைத்து, அது முழுசாக அவிழ்ந்து முடிகிற வரை காத்திருந்தோம்.

மறுநாள் அவளுடைய ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். எடுத்ததோடு விடாமல் என் கம்ப்யூட்டரில் மாட்டி நாலைந்தைத் திறந்து பார்த்தோம், அப்புறம் கேபிளைக் கழற்றி அலமாரியில் வைத்தோம். இந்தக் கழற்றுவது முக்கியம். பேக்கப் டிஸ்க்கை மாட்டிவைத்துக்கொண்டே இன்ஸ்டால் செய்து, அதையே தேர்ந்தெடுத்து அழித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். லினக்ஸ் இன்ஸ்டாலரில் சி, டி என்று எழுத்து இருக்காது. எஸ்டிஏ, எஸ்டிபி என்பது மாதிரிதான் இருக்கும், எது ஏ எது பி என்பது ஒவ்வொரு பூட்டுக்கும் மாறக்கூடும். அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டிய அதே டிஸ்க்கை லினக்ஸ் 1 டிபி என்று காட்டும். எண்ணும் முறை வேறு. இரண்டு டிஸ்க் இருக்கிற மெஷினில் இது ஆளைக் கவிழ்த்துவிடும்.

இடம் ஒதுக்குகிற வேலையை இன்ஸ்டாலரிடம் விடவில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டிலேயே சி-யைப் பின்பக்கமாகச் சுருக்கி 60 ஜிபி காலி விட்டோம். பார்டிஷனின் முன்பக்கத்தை நகர்த்துகிற வேலைக்குப் போகவே கூடாது, இருக்கிற டேட்டா முழுவதையும் அது தூக்கி நகர்த்த வேண்டும், நடுவில் கரண்ட் போனால் இரண்டும் கெட்டான். ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. லேப்டாப் என்றால் பேட்டரி நிரம்பியிருக்க வேண்டும், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் உயிரோடு இருக்கிறதா என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்தோம். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக மூடாமல் அரைத் தூக்கத்தில் போய்விடும், அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து சி-க்குள் வம்படியாக எதையாவது எழுதினால் திரும்பி எழுந்த விண்டோஸ் பழைய ஞாபகத்தில் அதன் மேலேயே எழுதும்.

இன்ஸ்டாலரில் காலி இடத்தை நாமே தேர்ந்தெடுத்தோம். மெஷின் எழும்பத் தேவையானது இருக்கிற இஎஃப்ஐ பார்டிஷனுக்கு எதிரே ஃபார்மேட் டிக் இல்லை என்று இரண்டு பேரும் பார்த்தோம், அது அழிந்தால் ஃபைல் போகாது, ஆனால் விண்டோஸ் எழும்பாது. கடைசியில் அந்தச் சின்னப் பெட்டி வந்தது. அவளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் படித்தாள், ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம் என்று தமிழில் சொல்லச் சொன்னேன். அவளுக்கு எரிச்சல்தான். “இது கரெக்டாத்தான் மாமா இருக்கு, அமுக்கட்டா?” அமுக்கு என்றேன்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு கஷ்டமும் வேண்டாம். சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, புதியதில் மட்டும் லினக்ஸ் போட்டுவிட்டு, முடிந்ததும் பழையதைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கேபிள் இல்லாத டிஸ்க்கை எந்த இன்ஸ்டாலராலும் அழிக்க முடியாது. என் மெஷின் இப்போது அப்படித்தான் ஓடுகிறது.

அப்பாவின் 77 ஃபைலும் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது, அதில் ஒன்று சித்தப்பா மகன் வீட்டில். நாலு ஃபைலுக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை, எஃப்-உம் எண்ணுமாகவே கிடக்கிறது. ஏதாவது ஓர் ஊர்ப் பெயரைப் போட்டு முடித்துவிடலாமே என்றால் அப்பா சம்மதிக்கவில்லை. “இன்னொருக்க போடு மக்கா, கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்கிறார்.